கச்ரு மானே என்கிற அப்பா

(மறைமலை நகரில் ‘ஃபன்ட்ரி’ மராத்தித் திரைப்படம் திரையிடப்பட்ட பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)



படம் முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினீங்க. கடைசிக் காட்சியில் ஜப்யா எறிஞ்ச கல்லுக்கு விழுந்த கைதட்டல் அது. நியாயமான கைதட்டல்தான். கல் நம்ம முகத்துக்கு நேரா வருது, திரை இருண்டு போகுது. 2014 பிப்ரவரியில் இந்தப் படம் திரையரங்குக்கு வந்ததிலிருந்து அந்தக் கல்லைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. யார்மேல் எறிந்தான், ஏன் எறிந்தான், இருக்கையில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிற சாதி இந்துவின் மேல் எறிந்தானா என்றெல்லாம். எனக்குக் கொடுத்திருக்கிற அரைமணி நேரத்தில் கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் பையனின் அப்பா கச்ரு மானேயைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். அவருக்கு இங்கே யாரும் கை தட்டவில்லை. அவர் பையனை அடிக்கும்போது பின் வரிசையில் இரண்டு பேர் ‘ச்சே’ என்றதுகூடக் காதில் விழுந்தது. கச்ருவை நான் ‘அவர்’ என்றுதான் சொல்லப்போகிறேன். ஊர்த் தலைவன் கூப்பிடுகிற மாதிரி நாமும் கூப்பிட வேண்டியதில்லை.

ஷிஃப்ட் முடிந்து பாதியில் வந்த தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிராவில் ஒரு கிராமம். அதில் கைக்காடிக் குடும்பம் ஒன்று. கூலி வேலை, பன்றி பிடிக்கிற வேலை. மகன் ஜம்புவந்த், வீட்டில் ஜப்யா, பள்ளியில் படிக்கிறான். கூடப் படிக்கிற ஷாலு என்ற ஆதிக்க சாதிப் பெண்மேல் ஆசை. ஒரு வார்த்தை பேசியதில்லை. கருங்குருவி ஒன்றைப் பிடித்து எரித்து அந்தச் சாம்பலை அவள்மேல் தூவினால் அவள் மயங்கிவிடுவாள் என்று யாரோ சொன்னதை நம்பி, தோழன் பிர்யாவோடு உண்டிவில்லும் கையுமாகக் காடுமேடெல்லாம் அலைகிறான். ஊர்த் திருவிழாவில் பன்றி புகுந்து பல்லக்கு ஊர்வலம் குலைகிறது. பன்றிகளைப் பிடிக்கச் சொல்லிக் கச்ருவுக்கு உத்தரவு வருகிறது. மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும், அவர் ஒப்புக்கொள்கிறார். பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே, ஷாலுவும் மற்ற பிள்ளைகளும் பார்க்க, குடும்பமே பன்றியைத் துரத்துகிறது. அவ்வளவுதான் கதை. சத்தம் போடாத படம். ஒன்றுமே நடக்காதது போல் நகர்ந்துகொண்டிருக்கும்.

பெயரிலிருந்து தொடங்கலாம். மராத்திப் படத்துக்கு ‘ஃபன்ட்ரி’ என்று ஏன் பெயர்? அது மராத்திச் சொல் இல்லை. கைக்காடி மொழிச் சொல். கைக்காடி தமிழோடு நெருங்கிய உறவுள்ள திராவிட மொழி. ஃபன்ட்ரி என்றால் பன்றி. வேறொன்றுமில்லை, நம்ம பன்றிதான். தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலை அடிகள் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்திருக்கிறோம். நம்ம மொழியின் ஒரு சொல் மராட்டியக் கிராமத்தில் ஒரு பையனைத் துரத்தித் துரத்திக் கேலி செய்கிற வசவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்துக்கு நமக்குத் தலைப்பை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவையில்லை.

கைக்காடிகள் விதர்பா பகுதியில் பட்டியல் சாதி. மகாராஷ்டிராவின் மற்ற மாவட்டங்களில் ‘விமுக்த ஜாதி’. அதாவது 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டத்தில் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு, 1952 ஆகஸ்ட் 31இல் அந்த முத்திரையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். தாளில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் சமூகத்திலிருந்து வந்த லட்சுமண் மானே தன் வாழ்க்கையை ‘உபரா’ என்ற பெயரில் எழுதி 1981இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். படத்தில் வரும் குடும்பத்துக்கும் மானே என்றுதான் பெயர். இயக்குநர் நாகராஜ் மஞ்சுளே சோலாப்பூர் மாவட்டம் ஜேவூர்க்காரர், கல் உடைக்கிற வடார் சமூகம், நாம் ஒட்டர் என்று சொல்கிறவர்களின் சொந்தக்காரர்கள். முதலில் கவிஞர், பிறகுதான் இயக்குநர். கச்ருவாக நடித்த கிஷோர் கதமும் மராத்தியில் சௌமித்ர என்ற பெயரில் எழுதுகிற கவிஞர். ஒரு கவிஞர் இயக்க, இன்னொரு கவிஞர் அப்பாவாக நடித்திருக்கிறார். வசனத்தை விடத் தோளையும் முதுகையும் வைத்து நடித்திருக்கிறார். அந்த முதுகைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

கச்ரு செய்கிற தப்புகளைப் பட்டியல் போடலாம். ஊர்க்காரர் முன்னால் கூனிக் குறுகுகிறார். படிக்கிற பையனை வேலைக்கு இழுக்கிறார். திருவிழாவில் புதுத்துணி போட்டுக்கொண்டு வந்த பையனைக் கூப்பிட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் தூக்க வைக்கிறார். பன்றி பிடிக்கிற நேரத்தில் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டவனை இழுத்துப்போட்டு, யார் பார்க்கக்கூடாது என்று ஒளிந்தானோ அவர்கள் கண் முன்னாலேயே அடிக்கிறார். இப்படிப் பார்த்தால் பையனுக்கு முதல் எதிரி அப்பாதான்.

ஆனால் அவர் ஏன் அடிக்கிறார்? குனியாதவனை ஊர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. ஊர் அடிப்பதற்கு முன்னால் தானே அடித்து, ஊர் வளைப்பதற்கு முன்னால் தானே வளைத்துவிட்டால், பையன் உயிரோடு இருப்பான் என்பது அவர் கணக்கு. அவருக்குக் கிடைத்த ஒரே கல்வி அது. அதைத்தான் மகனுக்குக் கொடுக்கிறார்.

இங்கே இருக்கிறவர்கள் உங்க வீட்டை நினைச்சுப் பாருங்க. ‘அந்தத் தெருப் பக்கம் போகாதடா.’ ‘அவங்க வந்தா சைக்கிள விட்டு எறங்கிடு.’ ‘கோயில் கிட்ட நின்னு வேடிக்கை பாக்காத.’ இதையெல்லாம் நமக்கு முதல்முதலில் சொன்னது யாரு? பண்ணையாரா வந்து சொன்னான்? போலீஸ்காரனா? நம்ம அம்மா சொன்னாங்க. நம்ம ஆயா சொல்லிச்சு. தலையைத் தடவிக்கொண்டே, சோறு போட்டுக்கொண்டே சொன்னாங்க. சாதியின் பெரிய தந்திரம் இங்கேதான் இருக்கிறது. தன் சட்டத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பெற்றவர்களின் பாசத்திடம் ஒப்படைத்துவிட்டது. அதனால் பிள்ளைக்குக் கோபம் வரும்போது, பக்கத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற அப்பன் மேல்தான் முதலில் வருகிறது.

தமிழில் மாரி செல்வராஜ் 2018இல் எடுத்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் இதே காயம் வேறு மாதிரி வருகிறது. கல்லூரியில் அப்பாவை அழைத்து வா என்றதும் பரியன் ஒரு போலி அப்பாவைக் கூட்டி வருவான். நாம் சிரித்தோம். பெண் வேடமிட்டு ஆடுகிற கூத்துக் கலைஞரான சொந்த அப்பா பிறகு கல்லூரிக்கு வந்து, வேட்டியைப் பறிகொடுத்து ஓடும்போது அந்தச் சிரிப்பு நம் தொண்டையில் அடைத்துக்கொண்டது. போலி அப்பாவை ஏன் கூட்டி வந்தான் என்பது அப்போதுதான் புரிகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. சினிமாவில் வந்ததை கவுன்ட்டரில் தினமும் பார்க்கிறேன். கல்விக் கடனுக்கு அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பொறியியல் படிக்கிற பையன் வருவான். அப்பா கதவோரம் நிற்பார். ‘அங்கேயே இருப்பா, நான் கூப்பிடறேன்’ என்று சொல்லியிருப்பான். படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘விவசாயம்’ என்று அழகான எழுத்தில் நிரப்பியிருப்பான். கைரேகை வைக்க அப்பாவைக் கூப்பிட்டு இடது பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினால் ரேகையே விழாது. பிளீச்சிங் பவுடரும் சாக்கடையும் தின்ற விரல். இரண்டு தடவை, மூன்று தடவை அழுத்துவோம். பையன் அப்போது சுவரில் இருக்கிற வட்டி விகிதப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பான். அந்தப் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ‘விவசாயம்’ என்று அவன் எழுதியது எங்கள் வங்கிக்காக மட்டுமில்லை. நாளைக்கு வீடு வாடகைக்குக் கேட்கும்போது ‘எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?’ என்று கேட்கப் போகிறவனுக்கும் சேர்த்து எழுதிப் பழகுகிறான். இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற தோழர்களுக்கு அந்தக் கேள்வி நல்லாவே தெரியும்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்கலாம்: இழிதொழிலை விடு என்று அம்பேத்கர் சொல்லவில்லையா, கச்ரு ஏன் விடவில்லை என்று. சொன்னார். 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், எச்சில் சோற்றை வாங்காதீர்கள் என்று சொன்னார். அதோடு நிறுத்தவில்லை என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டு, 1928இல், மகர்களை ஊர் ஊழியத்தில் கட்டிப்போட்டிருந்த வதன் முறையை மாற்ற பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். மானமும் வேண்டும், மானத்தோடு சாப்பிட வழியும் வேண்டும் என்று இரண்டு கையாலும் உழைத்தார். கச்ருவிடம் யாராவது வந்து இரண்டாவதைக் கொடுத்தார்களா? மகள் கல்யாணத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டார்களா? ‘விடு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற இயக்கம் கச்ருவின் காதில் இன்னொரு அதட்டலாகத்தான் விழும்.

படத்தில் இன்னொரு பெரியவர் இருக்கிறார். சைக்கிள் கடை வைத்திருக்கிற சான்க்யா. மஞ்சுளேயே நடித்திருக்கிறார். சாதி மீறிக் கல்யாணம் செய்து, பெண் வீட்டார் வன்முறையால் வாழ்க்கை உடைந்து, குடியில் கிடப்பவர். ஜப்யாவைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். பையன் ஓடிப்போய் உட்கார்கிற இடம் அந்தக் கடைதான். ஆனால் அவர் பையனுக்குக் கொடுப்பது என்ன? கருங்குருவி மந்திரம். தனக்கு என்ன நடந்தது, எப்படி அடித்தார்கள், எங்கே தோற்றோம் என்று உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் சாம்பலைத் தூவினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையைக் கொடுக்கிறார். கச்ரு குனியச் சொல்லிக்கொடுக்கிறார், சான்க்யா கனவு காணச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருத்தருக்குக் கோபம், ஒருத்தருக்கு அன்பு. இரண்டு பேருமே பையனிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நம்மிடமும் கருங்குருவிகள் இருக்கின்றன. ‘படிச்சிட்டா சாதி போயிடும்.’ ‘கம்பெனிக்குப் போயிட்டா எல்லாரும் ஒரே யூனிஃபார்ம்தான்.’ இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் முப்பது வருஷமாக இந்தக் குருவியைத் துரத்தித்தான் நம் பிள்ளைகள் ஓடுகிறார்கள். படிப்பு வேண்டும், வேலை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. படிப்பில்லாமல் நான் இங்கே நின்று பேச முடியாது. ஆனால் மந்திரச் சாம்பலாக அதை நம்பச் சொல்லாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. இதே மறைமலை நகரில் ஃபோர்டு 2022 ஜூலையில் கார் ஓட்டத்தை நிறுத்தியது. யூனிஃபார்மைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவனை ஊர் எந்தத் தெரு வழியாக உள்ளே விட்டது? பழைய தெரு வழியாகத்தான்.

துணி விஷயத்துக்கும் வருகிறேன். ஜப்யாவுக்கு ஜீன்ஸ் மேல் ஆசை. கண்ணாடி முன் நின்று, சப்பை மூக்கு நிமிரட்டும் என்று துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு பார்க்கிறான். வயசுப் பையன் செய்கிற வேலைதான். யார் வீட்டுப் பையனும் செய்வான். ஆனால் யார் செய்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அது ஆசையா குற்றமா என்று இந்த நாட்டில் முடிவாகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிக்கப்பட்டன. அதற்கு அடுத்த மாதம் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். ‘ஃபன்ட்ரி’ முதன்முதலாக விழாவில் திரையிடப்பட்டதும் அதே 2013இல்தான். மகாராஷ்டிராவில் ஒரு பையன் ஜீன்ஸுக்கு ஏங்குகிறான், தமிழ்நாட்டில் ஜீன்ஸ் போட்டதே குற்றப் பத்திரிகையாகிறது. கச்ருவின் பயம் வெறும் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் இந்த வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பெரியவர் பள்ளிக்கூடம். பன்றியை வளைத்துப் பிடிக்கிற நேரத்தில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. முதலில் ஜப்யா அசையாமல் நிற்கிறான், பிறகு குடும்பமே நிற்கிறது. பன்றி மட்டும் சாவகாசமாக நடந்து போகிறது. தேசத்துக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தேசம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பிறகு பன்றியைக் கட்டிக் கழியில் தொங்கவிட்டுத் தூக்கிப் போகும்போது பள்ளிச் சுவரில் அம்பேத்கர், சாவித்திரிபாய் புலே, சாகு மகாராஜ் படங்கள். ஒரு வசனமும் இல்லை. சுவரில் வரைந்து வைத்துவிட்டோம், சுவருக்குக் கீழே என்ன நடக்கிறது?

இது வேறு மாநிலத்துக் கதை என்று நாம் தூங்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்பு தலித் மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். கயிறு கட்டுகிற கை பதினைந்து வயதுப் பையனுடையது. கயிறு வாங்கிக்கொடுத்த கை யாருடையது? அதுவும் ஒரு அப்பாதான், ஒரு மாமாதான். கச்ரு தன் பிள்ளைக்குக் குனியச் சொல்லிக்கொடுத்தால், ஊருக்குள் இன்னொரு அப்பன் தன் பிள்ளைக்கு மிதிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். ‘ஃபன்ட்ரி’யில் வேடிக்கை பார்த்துக் கெக்கலிக்கிற பையன்கள் அப்படி வளர்ந்தவர்கள்தான். நம் விமர்சனங்கள் கச்ருவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்த அப்பன்களைப் பற்றிப் பேசுவதில்லை.

படத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஷாலு கடைசி வரை பார்க்கப்படுகிற பெண்ணாகவே இருக்கிறாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று படம் கேட்கவில்லை. அவள் சிரிப்பது ஒன்றுதான் நமக்குக் கிடைக்கிறது. ஜப்யாவின் அக்காவும் அப்படித்தான். அவள் கல்யாணத்துக்காகத்தான் பன்றி பிடிக்கிறார்கள், அவளைக் கேலி செய்யும்போதுதான் தம்பி கல்லெடுக்கிறான், ஆனால் அவள் வாயைத் திறந்து பேசுவது எவ்வளவு? அவளும் பன்றியைத் துரத்தினாள். அவளுக்கும் அவமானம் உண்டு. அவள் கையிலும் ஒரு கல் இருந்திருக்கும். நம் இயக்கக் கூட்டங்களிலும் பெண்கள் பின்னால் உட்கார்ந்து டீ ஊற்றுகிற நிலை இருக்கும்வரை படத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்போது கல்லுக்கு வருவோம். அதைக் கலகம் என்று கொண்டாடுகிறோம். கலகம்தான். ஆனால் கல் எறிகிற நேரத்தில் அந்தப் பையன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்பா இல்லை, சான்க்யா இல்லை, வாத்தியார் இல்லை, சுவரில் இருந்த அம்பேத்கர் இறங்கி வரவில்லை. தனியாக நிற்கிறான். திரை இருண்ட பிறகு என்ன நடந்திருக்கும்? அந்த ஊர் அன்று ராத்திரி கச்ரு வீட்டுக்கு வந்திருக்கும். நாம் கை தட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். வாங்கப்போகிறவர் கச்ரு. 61ஆவது தேசிய விருதுகளில் ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடேவும், ‘தங்க மீன்கள்’ சாதனாவும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களாகச் சேர்ந்து விருது வாங்கினார்கள். விருது வாங்கிய பிள்ளைகளை நாடு பார்த்தது. அந்தக் கல்லுக்கு விலை கொடுக்கிற அப்பாவை யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இங்கே இருக்கிற மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்க அப்பாவை ஊர் வளைத்தது என்பதற்காக நீங்கள் வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியது ஊர். படிவத்தில் அவர் வேலையை அவர் பெயரோடு எழுதுங்கள். எழுத முடியாத நிலை இருந்தால், ஏன் முடியவில்லை என்று இப்படியான கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். பெரியவர்களுக்குச் சொல்வது இன்னொன்று. உங்கள் உடம்பில் விழுந்த அடியைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். எந்த வருஷம், எந்தத் தெரு, யார் அடித்தான், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன செய்ய முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பயத்தைச் சொல்லாமல் கொடுத்தால் அது பிள்ளைக்கு அடியாகப் போய்ச் சேரும். காரணத்தோடு சொல்லிக் கொடுத்தால் அது அரசியலாகும்.

இயக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. சேரிகளில் மாலைநேரப் படிப்பு வட்டம் நடத்துகிற தோழர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறீர்கள், நல்லது. மாதத்தில் ஒரு நாள் அப்பா அம்மாக்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பாடம் நடத்த வேண்டாம். அவர்களைப் பேச விடுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும். துப்புரவு ஒப்பந்தக் கூலி எவ்வளவு, எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள், கையுறை கொடுத்தார்களா என்று பிள்ளைகளே கேட்டு எழுதி மனுவாக்கட்டும். வங்கி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், படிவம் நிரப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் சாதி போட்ட சுவரை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இடிக்க முடியும். நம் பிள்ளைகள் கல் எடுக்கிற நாள் வந்தால் வரட்டும். அன்றைக்கு அவர்கள் தனியாக நிற்கக்கூடாது. கச்ரு மானேயும் நிமிர்ந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

 கேள்விகள் இருந்தால் பேசலாம்.